குரோக்கே கிளப் வீடு மாறினால் என்ன ஆகும்? விம்பிள்டனிலிருந்து ஊரப்பாக்கம் வரை ஒரு மைதானக் கணக்கு

சனிக்கிழமை காலை ஆறு மணி. வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு மெசேஜ் வருகிறது: "மச்சான், கிரவுண்டுல கல்லு நட்டுட்டாங்கடா."

அவ்வளவுதான். அஞ்சு வருஷமாக விளையாடிய இடம் அன்றோடு மனைப்பிரிவு. ஸ்டம்ப், பேட், டென்னிஸ் பால் எல்லாம் யாரோ ஒருவரின் பைக்கில் தொங்கிக்கொண்டிருக்க, "அடுத்த வாரம் எங்கடா?" என்ற கேள்வி மட்டும் மிச்சம். ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, வண்டலூர் பக்கம் வார இறுதியில் விளையாடுகிறவர்களுக்கு இந்தக் கதை புதிதில்லை.

இதே கேள்வியை உலகின் மிகப் புகழ்பெற்ற விளையாட்டு கிளப்களில் ஒன்றும் நூறு வருஷத்துக்கு முன்னால் சந்தித்தது. அது ஒரு குரோக்கே கிளப். பெயரைச் சொன்னால் உங்களுக்கே தெரியும்: விம்பிள்டன்.

"அது டென்னிஸ் கிளப் ஆச்சே?" என்கிறீர்களா? அதில்தான் கதை இருக்கிறது. ஒரு கிளப் இடம் மாறும்போது எது பிழைக்கிறது, எது தொலைகிறது, அதை எது முடிவு செய்கிறது என்று பார்ப்போம். லண்டனில் தொடங்கி, மவுண்ட் ரோடு, கிண்டி வழியாக ஊரப்பாக்கத்துக்கு வந்துவிடலாம்.

முதலில், குரோக்கே என்றால் என்ன?

கிரிக்கெட் இல்லை, குரோக்கே. புல்தரையில் ஆறு இரும்பு வளையங்களை நட்டு வைப்பார்கள். நீளமான மரச் சுத்தியலால் பந்தைத் தட்டித் தட்டி, அந்த வளையங்களுக்குள் வரிசையாக நுழைக்க வேண்டும். மொத்தம் நான்கு பந்துகள். நீலமும் கறுப்பும் ஒரு கட்சி, சிவப்பும் மஞ்சளும் இன்னொரு கட்சி. எதிராளியின் பந்தை இடித்துத் தூரத் தள்ளிவிடவும் செய்யலாம். பார்க்கச் சாதுவாக இருக்கும். உள்ளே சதுரங்கமும் கேரமும் கலந்த மாதிரி ஒரு ஆட்டம்.

பந்தின் குறுக்களவு சுமார் 92 மில்லிமீட்டர். போட்டிகளில் வளையத்தின் இடைவெளி அதைவிட மூன்று மில்லிமீட்டர்தான் அதிகம். அதனால் தரை சமமாக இல்லாவிட்டால் ஆட்டமே இல்லை. புல்லை வெட்டணும், உருளை ஓட்டணும், தண்ணீர் விடணும். நல்ல குரோக்கே தரை உருவாகப் பல வருஷம் பிடிக்கும். அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போக முடியாது.

இடமும் கொஞ்சநஞ்சம் இல்லை. ஒரு முழு அளவுத் தரை 35 கஜம் நீளம், 28 கஜம் அகலம். நம்ம கணக்கில் 8,820 சதுர அடி, அதாவது மூன்றரை கிரவுண்டுக்கும் கொஞ்சம் மேலே. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

ரோலர் ரிப்பேருக்காக நடந்த போட்டி

1868 ஜூலையில் லண்டனில் 'தி ஃபீல்ட்' என்ற பத்திரிகையின் அலுவலகத்தில் சிலர் கூடி 'ஆல் இங்கிலாந்து குரோக்கே கிளப்'பைத் தொடங்கினார்கள். அப்போது குரோக்கே இங்கிலாந்தில் பெரிய மோகம். ஆண்களும் பெண்களும் சேர்ந்து விளையாடக் கிடைத்த அபூர்வமான ஆட்டம் அது.

கிளப் ரெடி, ஆட்டம் ரெடி. இடம்தான் இல்லை. ஒரு வருஷத்துக்கும் மேல் தேடி அலைந்து, கடைசியில் விம்பிள்டனில் வோர்ப்பிள் ரோடு என்ற தெருவில் நான்கு ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்தார்கள். அதுதான் முதல் வீடு.

ஆனால் குரோக்கே மோகம் சீக்கிரமே வடிந்தது. புதிதாக வந்த டென்னிஸ் எல்லோரையும் இழுத்தது. 1875-ல் ஒரு புல்தரையை டென்னிஸுக்கு ஒதுக்கினார்கள். 1877-ல் கிளப்பின் பெயரிலேயே டென்னிஸ் ஏறிவிட்டது.

அதே வருஷம் கிளப்பின் ரோலர், அதாவது குட்டிக் குதிரை இழுக்கும் புல்தரை உருளை, பழுதாகிவிட்டது. சரிசெய்யக் காசு வேண்டும். "ஒரு டென்னிஸ் போட்டி நடத்தி வசூல் பண்ணலாமே" என்று யோசித்தார்கள். 22 பேர் கலந்துகொண்டார்கள். இறுதி ஆட்டத்தை ஆளுக்கு ஒரு ஷில்லிங் கொடுத்துப் பார்த்தவர்கள் சுமார் 200 பேர். அதுதான் முதல் விம்பிள்டன் சாம்பியன்ஷிப்.

நம்ம ஊரு டீம் மேட் வாங்குவதற்காக 'நுழைவுக் கட்டணம் ரூ.500' என்று டோர்னமென்ட் நடத்துகிறதே, கிட்டத்தட்ட அதேதான்.

குரோக்கேவுக்கு வந்த நிலைமை இன்னும் சுவாரஸ்யம். 1882-ல் கிளப்பின் பெயரிலிருந்தே அதை எடுத்துவிட்டார்கள். 1899-ல் மனசு கேட்காமல் திரும்பச் சேர்த்தார்கள், ஆனால் டென்னிஸுக்குப் பின்னால். இன்றைக்கும் அதன் முழுப் பெயர் 'ஆல் இங்கிலாந்து லான் டென்னிஸ் அண்ட் குரோக்கே கிளப்'. வீட்டைக் கட்டியவர் திண்ணைக்குப் போய்விட்டார். பெயர்ப் பலகையில் மட்டும் இருக்கிறார்.

1922: வீடு மாறியது ஏன்?

கூட்டம். ஒரே வார்த்தையில் அதுதான் காரணம்.

முதல் உலகப் போர் முடிந்து 1919-ல் போட்டி மீண்டும் தொடங்கியது. பிரான்ஸிலிருந்து சூசன் லாங்லென் என்ற இளம்பெண் வந்தார். அவர் ஆட்டத்தைப் பார்க்க ஜனம் முண்டியடித்தது. நான்கு ஏக்கர் வோர்ப்பிள் ரோடு தாங்கவில்லை. அக்கம்பக்கமெல்லாம் வீடுகள். விரிவாக்க வழியே இல்லை.

எனவே சற்றுத் தொலைவில் சர்ச் ரோடு என்ற இடத்தில் சுமார் 13 ஏக்கர் பார்த்தார்கள். இம்முறை குத்தகை கிடையாது. வாங்கிவிடுவது என்று முடிவு.

பணத்துக்கு எங்கே போவது? இங்கேதான் கிளப் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தது. 1920-ல் கடன் பத்திரங்களை வெளியிட்டது. பத்திரம் வாங்குகிறவர்களுக்குப் புதிய மைதானத்தில் இருக்கை உறுதி. ரசிகர்களின் ஆர்வத்தையே முதலீடாக்கிய ஏற்பாடு இது. இன்றுவரை அதே முறை தொடர்கிறது. 2026 முதல் 2030 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கான சென்டர் கோர்ட் பத்திரத்தின் விலை 1 லட்சத்து 16 ஆயிரம் பவுண்டு. நம்ம ரூபாயில் ஒரு கோடியைத் தாண்டும்.

1922 ஜூன் 26 அன்று மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் புதிய மைதானத்தைத் திறந்துவைத்தார். சென்டர் கோர்ட்டில் சுமார் 14,000 பேர் பார்க்கலாம். "இவ்வளவு பெரிசா கட்டிட்டு யாரை உட்கார வைக்கப் போறாங்க?" என்று கிண்டல் செய்தவர்கள் அன்றும் இருந்தார்கள். போதாக்குறைக்கு அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. இரண்டு வாரப் போட்டி மூன்றாவது வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனது.

ஆனால் இரண்டே வருஷம்தான். 1924-லேயே டிக்கெட்டுக்குக் குலுக்கல் முறை வந்துவிட்டது. அவ்வளவு கிராக்கி. 1954-ல் சிறுவர் பட்டத்தை வென்று, 1960, 1961 ஆண்டுகளில் அரையிறுதி வரை போன நம்ம ராமநாதன் கிருஷ்ணன் ஆடியதும் இந்த இரண்டாவது வீட்டில்தான்.

கூட வந்தது எது?

பெயர் வந்தது. பழைய இடத்தில் பிரதான ஆடுகளம் நட்டநடுவில் இருந்ததால் அதற்கு 'சென்டர் கோர்ட்' என்று பெயர். புதிய இடத்தில் அது நடுவில் இல்லை. ஆனாலும் பழைய பெயரையே வைத்தார்கள். 1980-ல் வடக்குப் பக்கம் புதிய கோர்ட்டுகள் வந்த பிறகுதான் அந்தப் பெயர் அர்த்தத்திலும் சரியானது. இடம் மாறினால் பெயரைப் பிடித்துக்கொள்வது மனித சுபாவம். கோயம்பேட்டிலிருந்து மாறி வந்த பிறகும் "பஸ் ஸ்டாண்டு" என்றால் சிலருக்கு இன்னும் கோயம்பேடுதானே?

பழைய இடம் என்ன ஆனது? அதுதான் இந்தக் கதையின் நல்ல பகுதி. வோர்ப்பிள் ரோடு மைதானம் பக்கத்திலுள்ள பெண்கள் பள்ளியின் விளையாட்டுத் திடலாக இன்றும் இருக்கிறது. முதல் விம்பிள்டன் நடந்த இடத்தில், 1908 ஒலிம்பிக் டென்னிஸ் நடந்த இடத்தில், பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள். கிளப் போனது, மைதானம் மைதானமாகவே இருக்கிறது.

இந்த வரியை மனதில் வைத்துக்கொண்டு சென்னைக்கு வருவோம். இங்கே கதை வேறு மாதிரி.

மெட்ராஸ் கிளப்: இரண்டு முறை வீடு மாறிய கதை

ராயப்பேட்டை எக்ஸ்பிரஸ் அவென்யூ மாலுக்குப் போயிருப்பீர்கள். அதை ஒட்டிய தெருவின் பெயர் கிளப் ஹவுஸ் ரோடு. எந்த கிளப், எந்த ஹவுஸ் என்று யோசித்திருக்கிறீர்களா?

1832-ல் தொடங்கிய மெட்ராஸ் கிளப்பின் வீடு அது. வெள்ளைக்காரர்களுக்கு மட்டுமே இடம். அதிலும் ஆண்களுக்கு மட்டுமே. எவ்வளவு பெரிய இந்தியர் என்றாலும் உறுப்பினராக முடியாது. 1873-ல் காஸ்மாபாலிட்டன் கிளப் உருவானது இந்தப் பின்னணியில்தான். பெண்களை அனுமதிக்காததால் 1890-ல் அடையாற்றங்கரையில் அடையாறு கிளப் தனியாகத் தொடங்கியது.

சுதந்திரத்தையொட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரர்கள் கப்பல் ஏறத் தொடங்கினார்கள். உறுப்பினர்கள் குறைந்தார்கள். மாளிகையைப் பராமரிக்க முடியவில்லை. மெட்ராஸ் கிளப்பின் வளாகம் ராம்நாத் கோயங்காவின் இந்தியன் எக்ஸ்பிரஸ் கைக்குப் போய் 'எக்ஸ்பிரஸ் எஸ்டேட்' ஆனது. 'தினமணி' பல்லாண்டு வெளிவந்தது அங்கிருந்துதான். கிளப் மவுண்ட் ரோடிலேயே பிரான்சன் பாக் என்ற வேறொரு இடத்துக்கு மாறியது.

அதுவும் நிலைக்கவில்லை. 1963-ல் மெட்ராஸ் கிளப்பும் அடையாறு கிளப்பும் இணைந்தன. ஒரு காலத்தில் எது எதற்குப் போட்டியாகத் தொடங்கப்பட்டதோ, அதன் வீட்டிலேயே குடியேறியது மெட்ராஸ் கிளப். 18-ம் நூற்றாண்டில் ஜார்ஜ் மௌப்ரே என்ற கம்பெனி அதிகாரி கட்டிய தோட்ட மாளிகை அது. இன்றைய டி.டி.கே. சாலையின் பழைய பெயர் மௌப்ரேஸ் ரோடு என்பது பெரியவர்களுக்கு நினைவிருக்கும்.

ஆக, கிளப் எப்படிப் பிழைத்தது? கதவைத் திறந்ததால். யாரை வெளியே நிறுத்தியதோ, அந்த இந்தியர்களைச் சேர்த்துக்கொண்ட பிறகுதான் அதற்கு அடுத்த வாழ்வு வந்தது. இன்றைக்கும் அது எல்லோருக்குமான இடம் இல்லைதான். ஆனால் பழைய விதியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தால் கிளப்பே இருந்திருக்காது.

பழைய இடம்? 2010-ல் மால் திறந்தது. பழைய கிளப் கட்டடமும் இல்லை, தோட்டமும் இல்லை. தெருப் பெயர் மட்டும் சாட்சி. விம்பிள்டனில் மைதானம் பள்ளிக்குப் போனது. இங்கே ஃபுட் கோர்ட் வந்தது.

கிண்டி: பத்திரம் இருந்தும் பாதுகாப்பு இல்லை

இப்போது நம் காலத்துக் கதை. கிண்டியில் 1777 முதல் குதிரைப் பந்தயம் நடந்துவந்திருக்கிறது. மெட்ராஸ் ரேஸ் கிளப் வைத்திருந்த சுமார் 160 ஏக்கர் அரசு நிலம். 1940-களில் போடப்பட்ட 99 ஆண்டு குத்தகை. வாடகை எவ்வளவு தெரியுமா? ஆண்டுக்கு 614 ரூபாய் சொச்சம். மாதத்துக்கு அல்ல, ஆண்டுக்கு.

1970 முதல் வாடகையை உயர்த்த வேண்டும் என்றது அரசு. கிளப் மறுத்தது. வழக்கு பல ஆண்டுகள் ஓடியது. 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத் தனி நீதிபதி, பாக்கி சுமார் ரூ.730 கோடியைக் கட்டச் சொன்னார். 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து, வளாகத்துக்கு சீல் வைத்தது. கிளப் மீண்டும் நீதிமன்றத்துக்குப் போனது. அதே 2024-ல் ஊட்டியில் ரேஸ் கோர்ஸாக இருந்த 52 ஏக்கரையும் அரசு மீட்டது.

இதில் இரண்டு பக்க நியாயமும் உண்டு. "இருநூறு வருஷப் பழக்கம், நகரத்தின் நுரையீரல் மாதிரி இருந்த பச்சை நிலம்" என்பது ஒரு பக்கம். "614 ரூபாய்க்கு 160 ஏக்கரா? எனக்கு ஒரு பி.எச்.கே.வுக்கு என்ன வாடகை தெரியுமா?" என்பது இன்னொரு பக்கம். இரண்டாவதைக் கேட்காத இளைஞர் இருக்க முடியாது.

ஆனால் கவனியுங்கள். கிண்டி நிலத்துக்கு அரசு அறிவித்தது மால் அல்ல. 118 ஏக்கரில் பசுமைப் பூங்கா. கூடவே மழைநீரைத் தேக்கக் குளங்கள். வேளச்சேரி வெள்ளத்தைக் குறைக்க இந்த நிலம் உதவும் என்பது வாதம். திறந்தவெளி நிலம் என்பது விளையாட மட்டுமல்ல, தண்ணீர் நிற்கவும்தான் என்று நகரம் கற்றுக்கொண்ட பாடம் இது.

வீடு மாறியவரே வீடு பறித்தவராகவும் ஆகலாம்

விம்பிள்டனுக்கு மறுபடி ஒரு நிமிஷம் போய் வருவோம். ஏனென்றால், நல்ல பிள்ளையாக நாம் பார்த்த கிளப்புக்கு இன்னொரு முகமும் இருக்கிறது.

சர்ச் ரோடும் இப்போது போதவில்லை. எதிரே விம்பிள்டன் பார்க் கோல்ஃப் மைதானம். அந்த நிலத்தை 1993-ல் உள்ளூர் கவுன்சிலிடமிருந்து டென்னிஸ் கிளப் வாங்கியது. கட்டடம் கட்டக் கூடாது என்ற நிபந்தனையோடு. ஆனால் கோல்ஃப் கிளப்பின் குத்தகை நடப்பில் இருந்தது. 2018-ல் 6.5 கோடி பவுண்டு கொடுத்து அந்தக் குத்தகையையும் முடித்தார்கள். கோல்ஃப் உறுப்பினர்கள் ஒவ்வொருவருக்கும் 85,000 பவுண்டு வரை கிடைத்தது.

பணம் கிடைத்தது, மைதானம் போனது. டென்னிஸ் கிளப்பின் திட்டம் அங்கே 38 புதிய கோர்ட்டுகள், 8,000 இருக்கைகளுடன் ஒரு ஸ்டேடியம். 2024 செப்டம்பரில் அனுமதி கிடைத்தது. "பூங்கா நிலத்தில் ஸ்டேடியமா?" என்று அக்கம்பக்கத்து மக்கள் வழக்குப் போட்டார்கள். 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. சர்ச்சை அதோடு ஓய்ந்துவிடவில்லை.

ஒரு காலத்தில் நான்கு ஏக்கர் குத்தகைக்கு அலைந்த கிளப்தான் இது. நிலம் கையில் இருப்பவர் பக்கம் காற்று எப்படித் திரும்புகிறது பாருங்கள்.

சரி, ஊரப்பாக்கத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். சென்னை எதையெல்லாம் உள்ளே வைக்க முடியவில்லையோ, அதையெல்லாம் ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே அனுப்புகிறது. 1855-ல் எழும்பூர் மியூசியத்தில் தொடங்கிய மிருகக்காட்சிசாலை, பார்க் டவுனுக்கு மாறி, 1985-ல் வண்டலூருக்கு வந்தது. கோயம்பேட்டிலிருந்து தென் மாவட்டப் பேருந்துகள் கிளாம்பாக்கத்துக்கு வந்தன. புதிய முனையம் திறந்தது 2023 டிசம்பர் 30. பெரிய நிறுவனங்களுக்கு இங்கே வீடு கிடைக்கிறது.

கூடவே ஆயிரக்கணக்கான குடும்பங்களும் வந்தன. ஆனால் அந்தக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு விளையாட வீடு? காலி மனை, ஏரி வாய், பள்ளிக்கூட கேட் திறந்திருந்தால் பள்ளி மைதானம். இல்லையென்றால் மணிக்கணக்கில் வாடகை கட்டி டர்ஃப். அவ்வளவுதான்.

வெள்ளத்தையும் மறக்கக் கூடாது. பக்கத்து ஆதனூர் ஏரிப் பக்கம்தான் அடையாறு பிறக்கிறது. முடிச்சூர் வழியாகப் போய், மெட்ராஸ் கிளப் தோட்டத்தை உரசிக்கொண்டு கடலில் கலக்கிறது. அங்கே ஆற்றங்கரையில் இன்னும் புல்வெளி இருக்கிறது. ஆறு தொடங்குகிற இடத்தில் புல்வெளிகள் மனையாகிக்கொண்டிருக்கின்றன.

சட்டம் நமக்கு ஏற்கனவே கொடுத்திருக்கும் மைதானம்

இங்கேதான் பலருக்குத் தெரியாத விஷயம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ன்படி, பெரிய மனைப்பிரிவு போடுகிறவர் பொதுமக்களின் பொழுதுபோக்குக்காக நிலம் விட வேண்டும். இதைத்தான் 'ஓ.எஸ்.ஆர். நிலம்' என்கிறார்கள். திறந்தவெளி ஒதுக்கீடு.

கணக்கு இது. மொத்த நிலம் 3,000 சதுர மீட்டருக்குள் என்றால் ஒதுக்க வேண்டியதில்லை. 3,000 முதல் 10,000 வரை என்றால், சாலை போக மீதியில் 10 சதவீதம் நிலம். நிலம் விட வழியில்லை என்றால் வழிகாட்டி மதிப்பில் பணம். 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் பணம் கட்டித் தப்பிக்க முடியாது. 10 சதவீத நிலத்தைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்தே ஆக வேண்டும்.

இப்போது அந்த 8,820 சதுர அடியை நினைத்துப் பாருங்கள். அது 819 சதுர மீட்டர். இரண்டரை ஏக்கர் மனைப்பிரிவு ஒன்றில் சாலை போக 8,000 சதுர மீட்டர் மிஞ்சினால், அதில் 10 சதவீதம் 800. கிட்டத்தட்ட ஒரு குரோக்கே தரை. அதாவது, உங்கள் நகரில் கொஞ்சம் பெரிய லேஅவுட் ஒன்று இருந்தாலே, காகிதத்தில் ஒரு குரோக்கே தரை அளவு நிலம் உங்களுக்காக எழுதிக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். குரோக்கே வேண்டாம், பிள்ளைகள் இறகுப்பந்து ஆடலாம், தாத்தா பாட்டி நடக்கலாம்.

"எங்க நகர்ல அப்படி ஒண்ணும் இல்லையே" என்கிறீர்களா? சில இடங்களில் முள் மண்டி, குப்பை கொட்டி, யாருடையது என்றே தெரியாமல் கிடக்கும். லேஅவுட் வரைபடத்தை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

உங்கள் டீமுக்கு நான்கு கேள்விகள்

விம்பிள்டன், மவுண்ட் ரோடு, கிண்டி மூன்றும் சேர்ந்து சொல்வதை இப்படிச் சுருக்கலாம்.

1. நிலம் யார் பெயரில்? நீங்கள் விளையாடும் இடத்தின் சர்வே எண் தெரிந்தால், அரசின் இ-சேவை தளத்தில் பட்டா விவரத்தை ஐந்து நிமிஷத்தில் பார்க்கலாம். தனியார் மனையா, புறம்போக்கா, நீர்நிலையா என்று தெரிந்துவிடும். ஏரி, குளம் என்றால் அங்கே நிரந்தர மைதானக் கனவு வேண்டாம்.

2. எழுத்தில் இருக்கிறதா? "அண்ணன் சொன்னார், ஆடிக்கோங்கன்னு" என்பது ஒப்பந்தம் இல்லை. ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பது சட்டம். கிண்டி சொல்வது இன்னும் ஒன்று: வாடகை குறைவாக இருப்பது பாதுகாப்பு ஆகாது. அது என்றைக்கு, எப்படி உயரும் என்பது தெளிவாக இருப்பதுதான் பாதுகாப்பு.

3. நீங்கள் யார்? வாட்ஸ்அப் குரூப்போடு எந்த அலுவலகமும் ஒப்பந்தம் போடாது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன் கீழ் ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். அதன் பிறகு மனு கொடுக்க, வங்கிக் கணக்கு திறக்க, நிலம் கேட்க ஒரு பெயர் இருக்கும்.

4. ஓ.எஸ்.ஆர். நிலம் எங்கே? உங்கள் லேஅவுட்டின் அனுமதி வரைபடத்தில் இருக்கும். கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உள்ளாட்சியிடம் கேளுங்கள். தானப் பத்திரம் எழுதப்பட்டதா, இப்போது அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று இரண்டு வரி போதும். கட்டணம் 10 ரூபாய்.

ஐந்தாவதாக ஒன்று சொல்லலாம், ஆனால் அது கேள்வி இல்லை. கதவைத் திறந்து வையுங்கள். உங்கள் டீமுக்கு மட்டும் மைதானம் கேட்டால் நீங்கள் பத்துப் பேர். தெருவில் இருக்கிற பெண்கள், பிள்ளைகள், காலையில் நடக்கிற பெரியவர்கள் எல்லோருக்கும் சேர்த்துக் கேட்டால் நீங்கள் ஒரு ஊர். மெட்ராஸ் கிளப் நூற்றி முப்பது வருஷம் கழித்துக் கற்றுக்கொண்டதை நாம் முதல் நாளிலேயே செய்யலாம்.

கடைசியாக

கிளப்கள் இடம் மாறும். அது தவறில்லை. விம்பிள்டன் மாறாமல் இருந்திருந்தால் இன்றைய விம்பிள்டன் இல்லை. குரோக்கே விளையாட்டின் தலைமையகமே 2002-ல் லண்டன் ஹர்லிங்காமிலிருந்து செல்டன்ஹாமுக்கு மாறியது. ஆட்டம் நிற்கவில்லை.

நாம் பார்க்க வேண்டியது விட்டுப்போன இடம் என்ன ஆனது என்பதைத்தான். ஒரு இடத்தில் பள்ளிப் பிள்ளைகள் ஓடுகிறார்கள். இன்னொரு இடத்தில் எஸ்கலேட்டர் ஓடுகிறது. ஊரப்பாக்கத்தில் அடுத்த பத்து வருஷத்தில் எது ஓடும் என்பது இன்னும் முடிவாகவில்லை.

அடுத்த முறை "கிரவுண்டுல கல்லு நட்டுட்டாங்கடா" என்று மெசேஜ் வந்தால், "அடுத்த வாரம் எங்கடா?" என்பதற்கு முன்னால் இன்னொன்றைக் கேளுங்கள்: "அந்த லேஅவுட்டுல ஓ.எஸ்.ஆர். எங்கடா?"